சபைக் கணினியின் பொறுப்பு யாரிடம்?
மன்னாரின் உள்ளூராட்சியும் பெண்களின் தகவல் தொழில்நுட்ப முகாமைத்துவமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவுகளில் இலக்கியமும் சமயமும் வரலாறும் பேசப்படுவதே வழமை. இம்முறை உள்ளூராட்சி மன்றங்களில் தகவல் தொழில்நுட்பத்தை முகாமை செய்யும் பெண்களைப் பற்றிப் பேசும்படி அறங்காவலர்கள் கேட்டார்கள். இந்தப் பொருளைத் தெரிந்தெடுத்ததற்காக அவர்களுக்கு முதலில் நன்றி சொல்கிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நமது சபைகளில் கணினியோடு மல்லாடும் வேலையின் பெரும்பங்கைப் பெண்கள் ஏற்கனவே சுமக்கிறார்கள். அந்த வேலைக்குரிய பதவியும் அதிகாரமும் மேலே ஏறிச்செல்லும் படிகளும் அவர்களுக்கு வேண்டும். அவை கிடைத்தால்தான் மன்னார் மக்களின் பதிவேடுகள் பத்திரமாக இருக்கும்.

1. சபையின் கணினிக்குள் இருப்பது

மன்னார் மாவட்டத்தில் ஐந்து உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன: மன்னார் நகர சபை, மன்னார் பிரதேச சபை, நானாட்டான் பிரதேச சபை, முசலி பிரதேச சபை, மாந்தை மேற்கு பிரதேச சபை. மாவட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீற்றர். கிராம அலுவலர் பிரிவுகள் 153. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மக்கள்தொகை ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. தலைமன்னார் இறங்குதுறை, பேசாலை, எருக்கலம்பிட்டி, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, வடக்கே விடத்தல்தீவு என்று ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஆட்கள் குறைவு, தூரம் அதிகம். ஒரு கையொப்பத்துக்காக ஒரு நாள் கூலியை இழந்து வருகிறவர்கள் இங்கே உண்டு.

அப்படி வருகிறவருக்குச் சபை என்பது யார்? தவிசாளரையோ செயலாளரையோ அவர் பார்ப்பது அரிது. கருமபீடத்தில் கணினிக்கு முன்னால் இருக்கிற முகாமைத்துவ உதவியாளரைத்தான் பார்க்கிறார். அந்தக் கதிரையில் பெரும்பாலும் ஒரு பெண் இருப்பார். சோலைவரி, வியாபார அனுமதிப் பத்திரம், கட்டட வரைபட அனுமதி, சந்தைக் கடைக் குத்தகை, குடிநீர் பவுசர், தெருவிளக்கு முறைப்பாடு எல்லாம் அந்தக் கணினியின் வழியாகவே போகின்றன.

வீடு காணிகளுக்குச் சபை அறவிடும் சோலைவரியை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதற்குமான வரியை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டு வரியை அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். ஆகவே ஜனவரியில் கூட்டம் கூடும். கணினியில் இலக்கம் தட்டினால் பெயர் வருகிறது. ஆனால் அந்தப் பெயருக்குரியவர் காலமாகிப் பல வருடம். காணியை மூன்று பிள்ளைகள் பிரித்துவிட்டார்கள். பதிவில் அது இன்னும் ஒரே ஆதனம். நிலுவை யாருடையது? பெயர்மாற்றத்தை யார் அனுமதிப்பது? மாற்றியவர் யார், எந்தத் திகதியில், எந்த ஆவணத்தைப் பார்த்து மாற்றினார் என்பது எங்கே பதியப்படுகிறது? விசைப்பலகை பழகியவர் எல்லோரும் இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லிவிட முடியாது. சட்டமும் ஊரும் கணக்கும் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் செய்வது நிர்வாகம்.

2. மன்னாரில் ஒரு பதிவு என்ன பெறும்

மற்ற மாவட்டங்களில் பதிவேடு தொலைந்தால் அலைச்சல். மன்னாரில் ஊரோடு ஆவணங்களையும் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம் கிராமங்கள் வெறுமையாயின. மக்கள் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய் இரண்டு தலைமுறை வாழ்ந்தார்கள். அதே காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் வள்ளங்களில் இராமேஸ்வரத்துக்குப் போயின. மண்டபம் முகாமில் பிள்ளைகள் பிறந்தார்கள். இன்னும் பலர் மடுத்தேவாலய வளவில் தஞ்சமிருந்தார்கள். 2007க்கும் 2009க்கும் இடையில் மாந்தைப் பக்கத்துக் கிராமங்கள் மறுபடியும் இடம்பெயர்ந்தன. உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வரிச் சிட்டையும் வழியில் போயின.

திரும்பி வந்தவர்களுக்கு முதல் தேவை வீடு என்று நினைப்போம். வீட்டுத் திட்டத்தில் பெயர் சேரக் காணி உரிமை காட்டவேண்டும். காணி உரிமைக்கு வேறு ஆவணம் இல்லாதபோது, சபையின் பழைய வரிப் பதிவில் தகப்பனின் பெயர் இருப்பது ஒரு சாட்சி. கணவனை இழந்தோ, கணவன் காணாமல் ஆக்கப்பட்டோ தனியே குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அந்தச் சாட்சி இன்னும் அவசியம். ஏனெனில் காணியும் கடையும் பல குடும்பங்களில் ஆண்களின் பெயரிலேயே இருந்தன.

இதில் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றையும் சொல்லவேண்டும். 1990களிலும் 2000களிலும் இலங்கையில் தமிழில் தட்டச்சான ஆவணங்கள் மிகப் பல பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றாமல் தேடவும் முடியாது, ஒப்பிடவும் முடியாது. மாற்றினாலும் வேலை முடிவதில்லை. ஒரே கத்தோலிக்கக் குடும்பத்தின் பெயர் குரூஸ் என்றும் குறூஸ் என்றும் குரூசு என்றும் பதிந்திருக்கும். முஸ்லிம் பெயர்களில் முதலெழுத்து ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருக்கும். இவை ஒருவரா, மூவரா என்பதைக் கொழும்பிலிருந்து வரும் மென்பொருள் கம்பனி சொல்லாது. பேசாலையையும் தாராபுரத்தையும் அறிந்த உத்தியோகத்தர்தான் சொல்வார். ஊரறிவும் கணினியறிவும் ஒருவரிடமே சேர்ந்திருக்கவேண்டிய வேலை இது. மன்னாரிலேயே பிறந்து, மன்னாரிலேயே வேலை செய்கிற நமது பெண்களிடம் அது சேர்ந்திருக்கிறது.

3. முகாமைத்துவம் என்றால் என்ன

தகவல் தொழில்நுட்ப முகாமைத்துவம் என்றதும் பழுதுபார்ப்பும் வலையமைப்பு வயரும் நினைவுக்கு வருகின்றன. அவை அதன் சிறு பகுதி. சபையொன்றின் தகவல் முகாமையாளர் தினமும் விடை காணவேண்டியவை வேறு. எந்த மென்பொருளை வாங்குவது? அதன் பராமரிப்பு ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு? ஒப்பந்தம் முடிந்தபின் தரவு யாருக்குச் சொந்தம்? கடவுச்சொல்லை யார் வைத்திருப்பது? பிரதி எங்கே காக்கப்படுகிறது? ஊழியர் ஒருவர் இடமாற்றம் பெற்றால் அவர் அறிந்தவை எப்படிக் கைமாறும்?

போருக்குப் பின் வடக்கு கிழக்குச் சபைகளுக்கு உதவித் திட்டங்கள் வந்தன. உலக வங்கியின் வடக்கு கிழக்கு உள்ளூர்ச் சேவைகள் மேம்பாட்டுத் திட்டம் 2010இல் தொடங்கியது. திட்டங்கள் வரும்போது கட்டடமும் கருவியும் பயிற்சியும் வருகின்றன. திட்டம் முடியும்போது அவற்றை நடத்திச் செல்ல ஆளணியில் ஒரு பதவி இல்லையென்றால், பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் தன் வழமையான கோவைகளுக்கே திரும்பிப் போகிறார்.

கவனக்குறைவின் விலையை நாடு 2023இல் கண்டது. இலங்கை அரச மேகக்கணினியைக் கப்பம் கேட்கும் தீநிரல் தாக்கியது. அரசின் ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாமல் போயின. அந்தக் காலத்துக்குரிய பிரதி தனியாகக் காக்கப்படவில்லை என்பதே காரணம். தலைநகரில், நிபுணர்கள் சூழ இருந்த இடத்தில் இது நடந்தது. மன்னாரில் இதற்கு மேல் கடலும் இருக்கிறது. உப்புக் காற்று கருவிகளின் ஆயுளைக் குறைக்கிறது. வடகீழ்ப் பருவமழையில் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்குகின்றன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்து, தலைமன்னார்க் கப்பற்பாதையைக் குலைத்தது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் இந்தக் கரையைத் தொட்டுப் போனது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. இத்தகைய கரையில், பதிவேட்டின் பிரதி மன்னார்த் தீவுக்கு வெளியேயும் இருக்கவேண்டும் என்று எழுத்தில் உத்தரவிடும் அதிகாரம் ஒருவருக்கு வேண்டும். அந்தத் தேவையை அறிந்தவர் கருமபீடத்தில் இருக்கிறார். உத்தரவிடும் அதிகாரமோ கணினியைத் திறந்தே பாராதவரிடம் இருக்கிறது. இந்த இடைவெளியைத்தான் நான் குறையென்று சொல்கிறேன்.

4. பிரித்தானியா செய்த பிழை

இந்த இடைவெளி நமக்கு மட்டும் உரியதன்று. உள்ளூராட்சிக்குக் கணினியை முதலில் கொண்டுவந்தவற்றுள் ஒன்று இங்கிலாந்தின் நொரிச் நகர சபை. 1957இல் அந்த நகரத்தின் பொருளாளர் பார்னார்ட், எலியட் 405 என்ற கணினியை வரவழைத்தார். லொறியில் வந்து இறங்கிய அந்தப் பெரிய இயந்திரத்துக்குக் கொடுக்கப்பட்ட வேலை நகரின் வரிக் கணக்கும் ஊழியர் சம்பளமும். ஆக, உள்ளூராட்சிக் கணினி பிறந்ததே சோலைவரிக்காகத்தான் என்று சொல்லலாம்.

அந்தக் காலத்தில் பிரித்தானிய அரச அலுவலகங்களில் கணக்கு இயந்திரங்களையும் தொடக்கக் கணினிகளையும் இயக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ‘இயந்திரப் பிரிவு’ என்று அவர்களுக்குத் தனித் தரம். 1955இலிருந்து 1961 வரை அரச சேவையில் சம சம்பளம் படிப்படியாக வந்தபோது, இந்தப் பிரிவு அதற்குள் சேர்க்கப்படவில்லை; ஒப்பிடுவதற்கு ஆண்களே போதிய அளவில் இல்லை என்றார்கள். பிறகு கணினி அதிகாரத்தின் கருவி என்று மேலிடம் உணர்ந்தது. உடனே முகாமையாளராக வளர்க்க இளம் ஆண்கள் எடுக்கப்பட்டார்கள். வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் 2017இல் வெளியிட்ட நூலில் ஒரு நிகழ்வைச் சொல்கிறார். 1959இல் ஒரு பெண் நிரலாளர், கணினியே அறியாத இரண்டு இளைஞர்களுக்கு ஒரு வருடம் பயிற்சி கொடுத்தார். வருட முடிவில் அவர்கள் முகாமையாளர் ஆனார்கள். அவர் அவர்களுக்குக் கீழே உதவியாளர் ஆக்கப்பட்டார். அனுபவமுள்ள பெண்களை இப்படி ஒதுக்கியதால் பிரித்தானியா தன் கணினித் துறையின் முன்னிலையையே இழந்தது என்பது ஹிக்ஸின் முடிவு.

பெண்களுக்கு அங்கே திறமையில் குறையிருக்கவில்லை. கருவியும் அவர்களுக்குப் புதிதாக இருக்கவில்லை. ஏணிதான் இருக்கவில்லை. அதே பிழையை அறுபது ஆண்டு கழித்து வடக்கின் சபைகளில் நாம் செய்யவேண்டுமா?

5. நமது நாட்டில் உள்ள படிகள்

இலங்கையில் படி அறவே இல்லை என்று சொல்லமுடியாது. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அமைந்தது. கிராமங்களில் அறிவகங்கள் என்ற பொதுக் கணினி நிலையங்கள் திறக்கப்பட்டன. வீட்டில் கணினி இல்லாத எத்தனையோ பெண்பிள்ளைகள் சுட்டியை முதன்முதல் பிடித்தது அங்கேதான். 2009இல் இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பச் சேவை என்ற தனிச் சேவை மூன்று வகுப்புகளுடன் உருவானது. கணினி அறிவு ஒரு தொழிலாக, பதவி உயர்வுள்ள சேவையாக அரசால் ஏற்கப்பட்டது.

படிப்புக்கும் வழி திறந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம் 2000இல் தொடங்கியது. வேலையையும் குடும்பத்தையும் விடாமல் பட்டம் பெற இது வழிசெய்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத் துறை இருக்கிறது. நமக்கு மிக அருகிலிருந்த வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது.

குறை எங்கே என்றால், இந்தப் படிகள் சபையின் வாசலை வந்தடையவில்லை. உள்ளூராட்சி மாகாணத்துக்குரிய விடயம். சபை ஊழியர்கள் மாகாணப் பொதுச் சேவைக்குள் வருகிறார்கள். முகாமைத்துவ உதவியாளராக அல்லது அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சேரும் பெண், கணினிப் பட்டம் பெற்றாலும், சபையின் தரவுத்தளத்தைத் தானே கட்டியெழுப்பினாலும், அவருடைய பதவி உயர்வு வினைத்திறன் காண் தடைப் பரீட்சையிலும் சேவை மூப்பிலுமே தங்கியிருக்கிறது. அவர் செய்த தொழில்நுட்பப் பணி அந்தக் கணக்கில் வருவதில்லை. திறமைசாலி என்று பெயரெடுத்தால் கிடைப்பது கூடுதல் வேலை. அடுத்த இடமாற்றத்தில் மயானப் பதிவுக்கோ வாகனப் பகுதிக்கோ போனால் அதுவரை கட்டியதெல்லாம் நின்றுபோகும்.

பெண் என்பதால் வரும் தடைகளும் உண்டு. பயிற்சி வகுப்பு பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ நடக்கும். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு பூநகரி வழியாக யாழ்ப்பாணம் கிட்டியது. 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரை புகையிரதம் திரும்பியது. ஆனாலும் காலை ஒன்பது மணி வகுப்புக்கு முசலியிலிருந்து போகிற தாய் முதல்நாளே புறப்படவேண்டும். தங்குமிடம் இல்லை, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கி, இன்னொருவர் பெயர் சேரும். இரவில் சேவையகம் நின்றால் போய்ப் பார்க்க வாகனம் இல்லை. பிறகு, “பெண்கள் பொறுப்பெடுக்க முன்வருவதில்லை” என்று சொல்கிறார்கள். இலங்கையில் வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே தொழிற்படையில் இருப்பதற்கு இத்தகைய தடைகளும் ஒரு காரணம்.

நிர்வாகத்தின் உயர்பதவியை வடக்கின் பெண்கள் நடத்திக் காட்டவில்லையா? போர்க்காலத்தில் முல்லைத்தீவிலும் பின்னர் யாழ்ப்பாணத்திலும் அரசாங்க அதிபராக இருந்தவர் இமெல்டா சுகுமார். வவுனியாவில் அரசாங்க அதிபராக இருந்த பி.எஸ்.எம். சாள்ஸ் பின்னர் மாகாண ஆளுநரானார். மன்னார்க் கச்சேரியையும் அண்மைக் காலத்தில் ஒரு பெண் அரசாங்க அதிபர் நடத்தினார். மாவட்டத்தையே ஒப்படைக்க முடிந்தவர்களிடம் ஒரு தரவுத்தளத்தின் திறப்பை ஒப்படைக்க ஏன் தயக்கம்?

6. கடலுக்கு அப்பால் ஒரு முன்மாதிரி

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், கேரளத்தில், உள்ளூராட்சிக் கணினிமயமாக்கல் எப்படி நடந்தது என்று பாருங்கள். 1999இல் இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் தொடங்கியது. ஒவ்வொரு கிராம பஞ்சாயத்தும் தனக்கெனத் தனி மென்பொருள் வாங்கவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுக்கு சேவனா, வரிக்கு சஞ்சயா, கணக்குக்கு சாங்க்யா என்று மாநிலம் முழுவதற்கும் பொது மென்பொருள்கள் அமைந்தன. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் பெண்கள் தகவல் தொழில்நுட்ப அலகுகளைத் தாங்களே அமைத்து, அரச ஆவணங்களைக் கணினிக்கு ஏற்றும் வேலையை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். கூலிக்குத் தட்டச்சு செய்தவர்களாக அன்றி, அலகின் உரிமையாளர்களாகச் செய்தார்கள். 2002இல் மலப்புறத்தில் அக்‌ஷயா என்ற பொதுக் கணினி நிலையங்கள் தொடங்கின. அந்தக் காலத்தில் மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளராக இருந்த அருணா சுந்தரராஜன் பின்னர் இந்திய அரசின் தொலைத்தொடர்புச் செயலாளர் பதவி வரை உயர்ந்தார்.

கேரளத்திலிருந்து நாம் எடுக்கவேண்டியது இதுதான்: கீழே தரவை உள்ளிடும் பெண்ணுக்கும் மேலே கொள்கை வகுக்கும் பெண்ணுக்கும் இடையில் வெற்றிடம் விடக்கூடாது. பொது மென்பொருள் இருந்தால், ஒரு சபையில் பழகிய திறமை அடுத்த சபையிலும் செல்லும், இடமாற்றம் இழப்பாகாது.

7. என்ன செய்யலாம்

செய்யக்கூடியவற்றையே சொல்கிறேன்.

முதலாவது, ஐந்து சபைகளின் ஆளணியிலும் தகவல் முகாமைத்துவத்துக்கு ஒரு நிரந்தரப் பதவி வேண்டும். சிறிய சபையால் தனித்துத் தாங்க முடியாவிட்டால், மாவட்டத்துக்கு ஒரு பொது அலகை உள்ளூராட்சி உதவி ஆணையாளரின் அலுவலகத்தில் அமைக்கலாம். தகைமை பெற்று இந்த வேலையை ஏற்கனவே செய்துவரும் உத்தியோகத்தர்களுக்கு அந்தப் பதவிகளில் முதலிடம் கொடுக்கவேண்டும்.

இரண்டாவது, கணினியோ மென்பொருளோ வாங்கும் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவில் அதை நாளாந்தம் பாவிக்கும் உத்தியோகத்தர் உறுப்பினராக இருக்கவேண்டும். அவருடைய எழுத்து மூலமான கருத்து இல்லாமல் கொள்வனவு முடிவாகக்கூடாது.

மூன்றாவது, பயிற்சி மன்னாருக்கு வரவேண்டும். வெளியே நடக்கும் பயிற்சிக்குத் தங்குமிடமும் பயணச் செலவும் குழந்தைப் பராமரிப்பும் பயிற்சிச் செலவின் பகுதியாகக் கணக்கிடப்படவேண்டும்.

நான்காவது, இடமாற்றத்துக்கு முன் பொறுப்புக் கையளிப்பு. கடவுச்சொல், ஒப்பந்தம், பிரதி இருக்கும் இடம், தீராத பிழைகள் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டு ஒப்படைக்கும் வழமை உருவாகவேண்டும்.

ஐந்தாவது, சட்டத்தின் கடமைகள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் இருக்கிறார். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் வந்தது. ஒன்று திறக்கச் சொல்கிறது, மற்றது காக்கச் சொல்கிறது. இரண்டையும் நிறைவேற்றப் பதிவேடு ஒழுங்காக இருக்கவேண்டும். அதை ஒழுங்காக வைப்பவரின் பணியைச் சட்டப் பணியாகவே மதிக்கவேண்டும்.

சபை உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை, குறிப்பாகப் பெண் உறுப்பினர்களுக்கு. கொழும்பு மாநகர சபைக்கு மருத்துவர் மேரி ரட்ணம் 1937இல் தெரிவான பின்னும், நாடு முழுவதும் உள்ளூராட்சியில் பெண்கள் நூற்றுக்கு இருவர் என்ற அளவிலேயே பல காலம் இருந்தார்கள். 25 வீத ஒதுக்கீட்டுச் சட்டத்தின் பின் 2018 தேர்தலில் அது 20 வீதத்தைத் தாண்டியது. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து, 2025 மே 6இல் தேர்தல் நடக்கும் வரை உறுப்பினர்களே இல்லாத காலத்திலும் சபைகளின் அன்றாட வேலையை உத்தியோகத்தர்கள் நடத்தினார்கள். சட்டம் உங்களுக்கு ஆசனம் தந்தது. அந்த ஆசனத்திலிருந்து, உங்கள் சபையின் கருமபீடத்தில் இருக்கும் பெண்ணுக்குப் பதவி கேளுங்கள். அடுத்த பாதீட்டுக் கூட்டத்திலேயே இதைப் பிரேரணையாக வையுங்கள்.

பெற்றோருக்கும் சொல்கிறேன். கணினி படித்த மகள் கொழும்புக் கம்பனிக்கோ வெளிநாட்டுக்கோ போனால்தான் முன்னேற்றம் என்று எண்ணவேண்டாம். மாணவியரே, நீங்கள் நிரலாக்கத்தோடு உள்ளூராட்சிச் சட்டத்தையும் படியுங்கள். பிரதேச சபைகள் சட்டம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம். நூலகத்தில் எடுத்து ஒருமுறையேனும் வாசியுங்கள். உங்கள் ஊரின் பதிவேட்டை ஒழுங்குபடுத்தும் வேலை எந்தப் பெரிய கம்பனியின் வேலைக்கும் குறைந்ததன்று.

இடம்பெயர்ந்து, ஆவணம் இழந்து, திரும்பி வந்த மக்களின் மாவட்டம் இது. இங்கே பதிவேட்டைக் காப்பவர் மக்களின் உரிமையைக் காக்கிறார். அந்தப் பணியைச் செய்யும் பெண்களுக்கு அதற்குரிய பதவியைக் கொடுப்பது சபைகளின் கடமை. கொடுக்கும்வரை கேட்பது நம் எல்லோரின் கடமை.